ஒரு பங்கு, பன்னிரண்டு நாள் சோறு

என் கணவருக்கு நாற்பதாம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகும் அவருடைய அண்ணன் மட்டும் முன்னறையில் உட்கார்ந்திருந்தார். அது எழுபத்து நாலாம் வருடத்து மழைக்காலம். கொடைக்கானலில் மூன்று நாளாக வெயில் இல்லை. பெரும்பாறையிலிருந்து ஜீப்பில் வந்தவர் கையோடு ஒரு கூடை ஆரஞ்சும் ஒரு பழுப்பு உறையும் கொண்டு வந்திருந்தார். கூடையை வந்ததும் கொடுத்துவிட்டார். உறையைக் கூட்டம் போகட்டும் என்று மடியிலேயே வைத்திருந்தார்.

"இந்த பேங்கு ஷேரெல்லாம் வச்சுக்கிட்டு நீ என்னம்மா பண்ணப்போற?" என்றார்.

அந்தப் பங்குகள் என் மாமனார் வாங்கியவை. அவர் கோயிலில் வேதம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியாராக இருந்த காலத்தில், சமவெளியில் இருந்த ஒரு சின்ன வங்கி மலையில் கிளை திறக்க வந்து வீடு வீடாகப் பங்கு விற்றது. மாமனார் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார். சாகும்போது மூத்தவருக்கு நூற்றிருபது, இளையவருக்கு நூற்றிருபது என்று பிரித்துக் கொடுத்தார். மூத்தவர் பெரும்பாறையில் காப்பித் தோட்டம் போட்டு மேலே போய்விட்டார். இளையவர், அதாவது என் கணவர், ஏரிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் எலெக்ட்ரீஷியனாக இருந்து மஞ்சள் காமாலையில் போனார். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. மகளுக்கு எட்டு.

அத்தான், மூத்தவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், வங்கியின் அந்த வருடத்து அறிக்கையை எடுத்துத் தையல் மிஷின் மூடியின் மேல் விரித்தார். "பாரு. ஒரு ஷேருக்கு லாபம் அஞ்சு ரூபா. எவனோ பஞ்சு வியாபாரிக்குக் கடன் குடுத்து ஏமாந்துட்டானுக. நல்ல கம்பெனிக்கு வருச லாபத்தப் போலப் பத்து மடங்கு விலை குடுப்பாங்க. அம்பது ரூபா. நான் வீட்டு ஆளு, அறுவது தாரேன். நாளைக்கு இதுவும் கெடைக்காது."

நான் பங்கு மாற்றுப் படிவத்தில் அவர் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அவர் ஏழாயிரத்து இருநூறு ரூபாயை மேசையில் வைத்து, என் மகளின் தலையைத் தடவிவிட்டு, "வெரசா போகணும், வழியில மண் சரிஞ்சு கெடக்கு" என்று எழுந்தார். வாசல் வரை போய், "ஸ்தோத்திரம், அத்தான், நீங்க இல்லாட்டி யாரு இருக்கா எங்களுக்கு" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை நான் மறக்கவே இல்லை. நினைக்கும்போதெல்லாம் வாய் கசக்கும்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கணவர் இறந்ததிலிருந்து அந்த நாற்பது நாளும் அக்கா எங்கள் வீட்டிலேயே இருந்தாள். தன் தோட்டத்தையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்து எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். நான் சாப்பிடாமல் இருந்தால் அவளும் சாப்பிடாமல் இருப்பாள். அன்று ஜீப்பில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அவள்தான் அழுதாள். உறைக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நான் அப்போது பெண்கள் பள்ளி விடுதியில் ஸ்டோர் பொறுப்பில் இருந்தேன். அரிசி, பருப்பு, விறகு, மண்ணெண்ணெய் எல்லாம் என் கையால் அளந்துதான் அடுப்படிக்குப் போகும். வருடக் கடைசியில் ஒரு பிள்ளைக்கு ஒரு மாதச் சாப்பாட்டுக்கு என்ன செலவாகிறது என்று கணக்குப் போட்டு விடுதித் தலைவியான மதருக்குக் கொடுக்க வேண்டும். அதை வைத்துத்தான் அடுத்த வருட விடுதிக் கட்டணம். எனக்கு முன்னால் இருந்தவர்கள் எழுதிய பேரேடுகளும் அலமாரியில் இருந்தன.

அடுத்த ஜனவரியில் மகளின் ஞானஸ்நானச் சான்றைத் தேடி மாமனாரின் தகரப் பெட்டியைத் திறந்தேன். அடியில் சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டு இருந்தது. அந்த வங்கியின் ஆண்டறிக்கைகள், வருடத்துக்கு ஒன்றாக. மாமனார் இறந்த பிறகு என் கணவர் சேர்த்து வைத்திருக்கிறார். அத்தான் கொண்டு வந்த கடைசி அறிக்கையையும் சேர்த்தால் சரியாகப் பத்து வருடம். சும்மா புரட்டினேன். ஒரு பங்குக்குப் பதின்மூன்று ரூபாய் லாபம், பதினாலு, பதினாறு, ஒரு வருடம் பதினேழு. அவர் காட்டிய அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஐந்து.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் கேட்டு எழுதும் இண்டென்ட் சீட்டின் பின்பக்கத்தில் பத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்தேன். பதினாலு ரூபாய் வந்தது. அவர் சொன்ன பத்து மடங்கே போட்டாலும் நூற்று நாற்பது. எனக்குக் கொடுத்தது அறுபது. கன்னம் சுட்டது. ஆனாலும் ஏமாந்தவள் என்று ஒத்துக்கொள்ள மனம் வராமல், சரி, குறைத்துத்தான் கொடுத்திருக்கிறார், பாதி விலைக்குக் கொஞ்சம் குறைவு, உலகத்தில் நடப்பதுதான் என்று சமாதானம் தேடினேன்.

அப்புறம்தான் அடுத்த விஷயம் உறைத்தது. அன்றைக்கு அரிசி மூட்டை வந்தது. விலை போன மாதத்தைவிட ஏறியிருந்தது. வண்டிக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டே பேரேட்டில் எழுதும்போது, இந்த ரூபாயும் பத்து வருடத்துக்கு முந்தைய ரூபாயும் ஒன்றா என்று கை நின்றது. பழைய பேரேட்டை எடுத்தேன். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு பிள்ளைக்கு மாதச் சாப்பாடு இருபத்தாறு ரூபாய். இப்போது ஐம்பத்தைந்து. அப்படியானால் அன்றைக்கு அந்தப் பங்கு சம்பாதித்த பதின்மூன்று ரூபாய் ஒரு பிள்ளைக்குப் பதினைந்து நாள் சோறு போட்டிருக்கும். இன்றைய பதின்மூன்று ரூபாய் ஒரு வாரத்துக்குத்தான் காணும். நான் இரண்டையும் ஒரே ரூபாய் என்று கூட்டியிருக்கிறேன்.

எல்லா வருடத்தையும் மறுபடி போட்டேன். அந்தந்த வருடத்து லாபத்தை அந்தந்த வருடத்துச் சாப்பாட்டுச் செலவால் வகுத்து, ரூபாயை நாளாக்கினேன். பதினைந்து நாள், பதினாலு நாள், பன்னிரண்டு நாள், பத்து நாள். அந்தக் கெட்ட வருடத்தில் மூன்று நாள். கெட்ட வருடத்தைத் தள்ளாமல் சேர்த்தே சராசரி எடுத்தேன். ஒரு பங்கு வருடத்துக்கு ஒரு பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள் சோறு போடுகிறது. இன்றைய விலைவாசியில் அது இருபத்திரண்டு ரூபாய். பத்து மடங்கு இருநூற்றிருபது.

ஒரு பங்குக்கு நூற்று அறுபது ரூபாய் போயிருக்கிறது. நூற்றிருபது பங்குக்குப் பத்தொன்பதாயிரத்து இருநூறு. என் சம்பளத்தில் அது ஐந்து வருடத்துக்கு மேல்.

இதோடு நின்றிருந்தால்கூட, அவருக்கும் இந்தக் கணக்கு தெரியாமல் இருந்திருக்கலாம் என்று விட்டிருப்பேன். ஆனால் எனக்கு ஒரு ஈஸ்டர் ஞாபகம் வந்தது. என் கணவர் இருக்கும்போது பெரும்பாறையில் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்த வருடம் காப்பி பூப்பதற்கு வேண்டிய பூ மழை பொய்த்து, காய்ப்பு பாதிக்குப் பாதி. தாண்டிக்குடி எஸ்டேட்காரர் ஒருவர் அந்த மகசூலைக் காட்டி அத்தானின் கீழ்த் தோட்டத்தை விலைக்குக் கேட்டிருந்தார். அத்தான் கறித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "ஒரு வருசத்து மகசூல வச்சுத் தோட்டத்துக்கு விலை சொல்றவன் ஒண்ணு மடையனா இருக்கணும், இல்ல திருடனா இருக்கணும். பத்து வருசம் பாக்கணும்டா. அதுலயும் அன்னைக்கு வித்த காப்பிய இன்னைக்கு விலையில போட்டுப் பாக்கணும்." என் கணவர் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

அவருக்குத் தெரியும். தெரிந்துதான் தம்பியைப் புதைத்த மண் காய்வதற்குள் உறையோடு வந்தார்.

நான் அழவில்லை. பட்டாணி மூட்டையின் மேல் உட்கார்ந்து அவர் சாக வேண்டும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, வேண்டாம், நெடுநாள் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் எல்லாரும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனோம். இதை மட்டும் சாமியாரிடம் சொல்லவில்லை. மனம் வருந்தாத ஒன்றை எப்படிச் சொல்வது?

விடுதிக்குப் பூண்டும் உருளைக்கிழங்கும் பள்ளங்கியிலிருந்து வரும். கொண்டு வருபவர் அறுபது வயது விவசாயி, வெள்ளனே வந்து தராசுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் எடை போட்டு முடித்ததும் எழுந்திருக்காமல், "ஸ்டோரம்மா, ஒங்க மூத்தாரு எங்க ஊருக்கு வந்திருந்தாருங்க" என்றார்.

"எதுக்கு?"

"எங்கிட்ட அந்த பேங்குக் காயிதம் இருவது கெடக்குங்க. எங்கய்யா வாங்குனது. அத எழுபது ரூபாக்குக் கேக்காரு. நம்ம ஊருல இன்னும் ரெண்டு பேருகிட்டயும் கேட்டிருக்காரு. பேங்குல டைரக்டரா வரணுமாம். குடுக்கலாங்களா?"

வங்கியின் இயக்குநர் குழுவில் மலைப்பகுதிக்கு ஓர் இடம் உண்டு என்றும், அத்தான் அதில் உட்கார ஆசைப்படுகிறார் என்றும், அதற்குத்தான் பங்கு சேர்க்கிறார் என்றும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் நூற்றிருபதும் அதற்குத்தான் போயிருக்கிறது.

"பூண்டு போன வருசம் என்ன விலைக்குப் போச்சு?" என்று கேட்டேன்.

"அதக் கேக்காதீங்க. மழையில பாதி அழுகிப்போச்சு."

"அந்த அழுகின வருசத்து வெளச்சல வச்சு ஒருத்தர் ஒங்க நெலத்துக்கு விலை சொன்னா குடுப்பீங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "செருப்பால அடிப்பேங்க" என்றார்.

ஸ்டோரிலேயே உட்காரவைத்து நாள் கணக்கைச் சொன்னேன். ரூபாய் என்று சொல்லாமல் சோறு என்று சொன்னதால் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். பிறகு, "எனக்கு இந்தப் பேப்பர வச்சு ஆகப்போறது ஒண்ணுமில்லீங்க. மக கல்யாணத்துக்குப் பணமா வேணும். நீங்களே வாங்கிக்கிடுறீங்களா?" என்றார்.

நான் இருநூற்றிருபது வீதம் இருபது பங்கு வாங்கினேன். அத்தான் கொடுத்த ஏழாயிரத்து இருநூறு தபால் ஆபீஸில் தொடாமல் கிடந்தது. அதிலிருந்து எடுத்தேன். அத்தான் சொன்ன எழுபதுக்கு மேல் பத்து ரூபாய் சேர்த்து எண்பதுக்கு வாங்கியிருக்கலாம், விவசாயி கொடுத்திருப்பார். அப்படிச் செய்யக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், நியாய விலை இன்னது என்று மலை முழுவதும் தெரிந்துவிட்டால் அத்தானுக்கு இனி ஒரு பங்குகூட மலிவாகக் கிடைக்காது. இரண்டாவது காரணம்தான் பெரியது.

அப்படியே ஆயிற்று. பள்ளங்கியில் மற்ற இரண்டு பேரும் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் அவரிடமே பத்து வருட அறிக்கையைக் கேட்டிருக்கிறார். மூன்று மாதத்தில் விஷயம் யாரிடமிருந்து கிளம்பியது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது கோயில் கேட்டுக்கு வெளியே ஜீப்பை நிறுத்தி இறங்கினார்.

"ஏம்மா, சோத்துக்கு அரிசி அளக்குற ஒனக்கு பேங்குச் சோலி எதுக்கு?"

"அரிசி அளக்குறதுனாலதான் தெரிஞ்சது, அத்தான்."

"எனக்குப் போட்டியா நீ?"

"நான் ஒண்ணும் பண்ணலையே. கேட்டவுகளுக்குக் கணக்குச் சொன்னேன். நீங்க ஈஸ்டருக்குச் சொன்ன கணக்குதான்."

அவருக்கு ஞாபகம் வந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. "தம்பி பொண்டாட்டின்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்கு மட்டும் பார்த்துக்கொண்டோம். அக்கா மட்டும் எதையும் கணக்கில் வைக்காமல் கொடைக்கானல் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவாள். மிளகு கொண்டு வருவாள். அவர்கள் தோட்டத்தில் ஆரஞ்சு மரங்கள் நோய் வந்து ஒவ்வொன்றாகப் பட்டுப்போன கதையை அவள் வாயால்தான் கேட்டேன். "எனக்கு அந்த மரம்னா உசுரு" என்பாள். எனக்கு அவளோடு பேசிக்கொண்டிருக்கப் பிடிக்கும். அவள் போன பிறகு அவளிடமிருந்து தெரிந்துகொண்டதை எல்லாம் மனதில் அடுக்கி வைப்பேன். அத்தானுக்கு எவ்வளவு கடன், எவ்வளவு பங்கு, யாரிடம் கேட்டார் என்று. இரண்டையும் ஒரே மனதோடுதான் செய்தேன்.

எட்டு ஒன்பது வருடம் இப்படிப் போயிற்று. புடவை எடுக்காமல், பண்டிகை பார்க்காமல், யாராவது விற்க வந்தால் நாள் கணக்குப் போட்டு அந்த விலைக்கு இரண்டும் மூன்றுமாக வாங்கி, அறுபத்து நாலு பங்கு சேர்த்தேன். வருடாவருடம் அறிக்கை வந்ததும் முதல் வேலை ஒரு வரி கூட்டி, பழையதில் ஒரு வரி அடிப்பது. எப்போதும் பத்து வருடம். சராசரி பன்னிரண்டு நாளைச் சுற்றியே நின்றது. வங்கி வளர்ந்தது மாதிரி தெரிந்ததெல்லாம் விலைவாசி வளர்ந்ததுதான்.

எண்பத்து மூன்றாம் வருடத்து அறிக்கை வந்தபோது ஊரே பேசியது. ஒரு பங்குக்கு லாபம் நூற்று முப்பது ரூபாய். முந்தின வருடம் நாற்பதுகூட இல்லை. வங்கிக் கிளையில் இனிப்புக் கொடுத்தார்கள். நான் அறிக்கையைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். குறிப்புகளில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. மதுரையில் இருந்த பழைய கட்டடத்தை விற்ற லாபம் இதில் சேர்ந்திருக்கிறது என்று. தொண்ணூறு ரூபாய் அந்தக் கட்டடத்துடையது. ஒரு கட்டடத்தை ஒரு தடவைதான் விற்க முடியும். என் கணக்கில் பங்கின் மதிப்பு நானூற்று எண்பது. அதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மலைப்பகுதி இயக்குநர் இறந்து இடம் காலியானது. இரண்டு வாரம் கழித்து அத்தான் விடுதிக்கே வந்தார். பத்து வருடத்தில் நரைத்திருந்தார். ஸ்டோரில் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டேன்.

"பழசெல்லாம் விடும்மா. ஒங்கிட்ட இருக்க அறுவத்தி நாலையும் குடுத்துரு. எழுநூறு தாரேன்" என்றார்.

குரல் மாறாமல் பேசினேன். "எழுநூறா? லாபம் நூத்தி முப்பது, அத்தான். நல்ல கம்பெனிக்கு வருச லாபத்தப் போலப் பத்து மடங்குன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. ஆயிரத்து முந்நூறு வருதே."

அவர் சிரித்தார். "நல்லாத்தான் படிச்சிருக்க" என்றார். எண்ணூறு என்றார், எண்ணூற்றைம்பது என்றார். நான் அசையவில்லை. கடைசியில், "சரி, ஒனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், ஆயிரம்" என்றார். நான் மனம் இல்லாதவள் மாதிரி படியைத் துடைத்து வைத்துவிட்டு, "வீட்டு ஆளாப் போயிட்டீங்க" என்றேன். முந்நூறு ரூபாய் குறைத்து வாங்கிய சந்தோஷம் அவர் நடையில் தெரிந்தது. அன்றே பள்ளங்கிக்குச் சொல்லி அனுப்பினேன், பங்கு வைத்திருக்கிறவர்கள் ஆயிரத்துக்குக் குறையாமல் கேளுங்கள், கேட்டதும் கொடுத்துவிடுங்கள் என்று. டீச்சரிடமும் சொன்னேன்.

அவர் கையில் அவ்வளவு பணம் கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த வாரம் காலைப் பேருந்தில் அக்கா தனியாக வந்தாள். நான் பருப்பு அளந்துகொண்டிருந்தேன். வழக்கம்போல மிளகுப் பொட்டலத்தை நீட்டினாள். உட்காரவில்லை.

"தோட்டத்த வத்தலக்குண்டுல ஒரு பைனான்ஸ்காரருகிட்ட அடமானமா எழுதிக் குடுக்கப்போறாரு" என்றாள். "ஒம்பது ஏக்கரும். மூணு லட்சத்துக்கு மேல. எல்லாம் அந்த பேங்கு ஷேருக்கு. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் புரியாது. ஒனக்குத்தான் கணக்குத் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க. அந்தக் காயிதம் ஆயிரம் பெறுமா? நீ சொல்லு. பெறும்னா நான் கையெழுத்துப் போடுறேன். கீழ்த் தோட்டம் எம்பேருல இருக்கு."

என் கையில் படி இருந்தது. பெறாது அக்கா, பாதிகூடப் பெறாது, போடாதே என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவள் என் வீட்டில் இருந்த நாற்பது நாளும் எனக்கு நினைவில் இருந்தது. மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். நினைவில் இருக்கும்போதே, "அத்தானுக்குத் தெரியாததா, அக்கா?" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிம்மதியாகத் தலையாட்டினாள். நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பேருந்தைப் பிடிக்கப் போனாள்.

பத்து நாளில் அத்தான் பணத்தோடு வந்தார். அறுபத்து நாலாயிரம். மாற்றுப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடும்போது பேனா ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. அவர் போன பிறகு ஸ்டோர்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தேன். சமையல்காரி எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டாள். வயிற்று வலி என்றேன்.

இயக்குநர் இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. சமவெளியில் ஒரு மில் முதலாளி அவரைவிட அதிகம் பங்கு வைத்திருந்தார். அடுத்த அறிக்கை வந்தது. ஒரு பங்குக்கு முப்பத்தெட்டு ரூபாய். விற்கப் போனவருக்கு முந்நூற்றைம்பதுக்கு மேல் கேட்பார் இல்லை. வங்கி கொடுத்த ஈவுத்தொகை பைனான்ஸ்காரரின் வட்டிக்கு மூன்று மாதத்துக்குக்கூட வரவில்லை. இரண்டாம் வருடம் தோட்டம் போயிற்று. வீட்டையும் அதைச் சுற்றி அரை ஏக்கரையும் மட்டும் விட்டார்கள்.

கேள்விப்பட்டதும் லீவு போட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன். துக்கம் விசாரிக்க என்று மதரிடம் சொன்னேன். பார்க்கத்தான் போனேன். பெரும்பாறையில் இறங்கி நடந்தால் ரோட்டிலிருந்தே தோட்டம் தெரியும். வேறு ஆட்கள் காப்பி பறித்துக்கொண்டிருந்தார்கள். ஜீப் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அத்தான் வாசலில் உட்கார்ந்திருந்தார். அக்கா உள்ளே இருந்தாள், பாத்திரச் சத்தம் கேட்டது.

அவரே பேச்சை ஆரம்பித்தார். "எதுக்கும் அதிர்ஷ்டம் வேணும்மா. நல்ல வருசத்துல வாங்குனேன். இப்பிடி விழும்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

பத்து வருடத்துக்கு மேலாக மனதுக்குள் பேசிப் பார்த்ததை வெளியே பேசினேன். பத்து வருட லாபம், விடுதிச் சாப்பாட்டுச் செலவு, பன்னிரண்டு நாள், மதுரைக் கட்டடம், நானூற்று எண்பது, எல்லாவற்றையும் நிதானமாக, விவசாயிக்குச் சொன்னது மாதிரியே சொன்னேன். முடிந்ததும் அவர் கேட்டார்: "தெரிஞ்சிருந்தும் சொல்லலையா?"

"நீங்களும் சொல்லலையே, அத்தான். நாப்பதாம் நாளு."

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அதற்காகத்தான் நாலு மணி நேரம் பேருந்தில் வந்திருந்தேன். நன்றாகவே இருந்தது. அந்த நிமிடத்தைத் திருப்பிக் கொடு என்றால் இன்றும் கொடுக்க மாட்டேன்.

அதற்குள் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அக்கா நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"நான் ஒன்னையக் கேட்டேன்ல" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. அழவில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து, யாரோ வந்தவளுக்குக் கொடுப்பதைப் போல என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் தண்ணீரைக் குடித்தேன். பேருந்து வரும்வரை ரோட்டில் நின்றேன். காப்பி பறிக்கிறவர்களில் ஒருத்தி, இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவளாக இருக்க வேண்டும், "தொரசாணி எங்க போகணும்?" என்று கேட்டது காதில் விழுந்தது. பதில் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

பிறகு அக்காவுக்கு இரண்டு தடவை பணம் அனுப்பினேன். கீழ்த் தோட்டத்தின் அளவுக்கு இல்லை, என்னால் முடிந்தது. மணியார்டர் இரண்டு தடவையும் திரும்பி வந்தது. வத்தலக்குண்டில் மகன் வீட்டுக்குப் போனவளைப் பார்க்க ஒரு தடவை போனேன். அவள் தூங்குகிறாள் என்று மருமகள் சொன்னாள். காலை பதினோரு மணி.

எண்பத்தெட்டில் என் மகள் கல்யாணம். அந்த அறுபத்து நாலாயிரத்தில்தான் அவளைப் படிக்க வைத்தேன், அதில் மிஞ்சியதில்தான் கல்யாணமும். பத்திரிகையை அத்தான் கையில் கொடுத்து, அக்காவைக் கட்டாயம் கூட்டி வரச் சொன்னேன். அவர் மட்டும் வந்தார். வெள்ளைச் சட்டை, புது வேட்டி. முன்வரிசையில் பெண்ணின் பெரியப்பாவாக உட்கார்ந்து, வந்தவர்களை எல்லாம் வரவேற்று, பிரியாணி போதுமா என்று பந்தியில் விசாரித்துக்கொண்டு திரிந்தார். எங்களுக்குள் எதுவுமே நடக்காதது மாதிரி. நான் அக்கா வரவில்லையா என்று கேட்டதற்கு, "அவளுக்கு முட்டு வலி" என்றார்.

கூட்டம் குறைந்ததும் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, நீ அந்த நாள் கணக்குச் சொன்னியே" என்றார். "எங்கிட்ட இன்னும் கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கு. இப்ப எந்த பேங்கு வாங்கலாம்?"

நான் அவரையே பார்த்தேன். அவ்வளவும் செய்து, ஒரு கீறல்கூட அவர் மேல் விழவில்லை. விழுந்ததெல்லாம் அக்கா மேல்தான், அவள் வத்தலக்குண்டில் முட்டு வலி என்று படுத்திருக்கிறாள். பழைய கோபம் அப்படியே, புத்தம் புதிதாகத் திரும்பி வந்தது.

"எனக்குத் தெரியாது, அத்தான்" என்றேன்.

"சும்மா சொல்லு."

நான் எழுந்து, பெண்ணை அனுப்பி வைக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனேன்.